எண்பத்தோராவது நிமிடம்

படத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கும் நொடியில் ஒரு குறி போட வேண்டும். அதுதான் என் வேலை. அந்தக் குறி வந்ததும் வீட்டில் பார்ப்பவரின் டிவியில் படம் சுருங்கி மூலைக்குப் போகும். அடுத்த படத்தின் முகப்பு பெரிதாக வரும். பத்திலிருந்து எண்ணிக்கை இறங்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அடுத்தது தானே ஓட ஆரம்பித்துவிடும். பெரும்பாலானோர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் நிறுவனத்தின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

ஒரு அறையில் ஆறு பேர். ஜன்னல் உண்டு, எப்போதும் திரை போட்டு மூடியிருக்கும். ஆளுக்கு ஒரு ஹெட்போன், இரண்டு மானிட்டர், ஒரு சுழல் நாற்காலி. என்னுடையது இடப்பக்கம் சாயும். இரட்டை வேகத்தில் ஓட்டி ஒரு நாளைக்கு எட்டுப் படம் முடிக்க வேண்டும். கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டு, கால் சென்டரில் மூன்று வருஷம் இரவு வேலை பார்த்து, அதையும் விட்டவனுக்கு இது பரவாயில்லாத வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

குறிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அதுவரை வந்தவரை முழுசாகப் பார்த்தவர் என்று சேர்த்துக்கொள்வார்கள். நூற்றுக்கு ஐம்பது பேராவது முழுசாகப் பார்த்தால் அந்தப் படம் அடுத்த வருஷமும் இருக்கும். இல்லையென்றால் தூக்கிவிடுவார்கள். சொல்லிக்கொண்டெல்லாம் தூக்குவதில்லை. ஒரு நாள் காலையில் அது இருக்காது, அவ்வளவுதான்.

அக்கா எடுத்த ஒரே படம் எங்களிடம் வந்திருந்தது. நான்கு வருஷ உழைப்பு. லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, பதினொரு நாள் வீட்டுக்குப் போகாமல் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்துகொண்டு திரிகிறான். கடைசியில் தன் ஐந்தாவது மாடி வீட்டுக்குப் படியேறி வருகிறான். மூடிய கதவின் முன்னால் நிற்கிறான். எண்பத்தோராவது நிமிடம். கதவின் மேல் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. குறியைப் போட்டு மூடிவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தேன்.

அன்று மாலை அக்கா கேட்டாள். "பாத்தியாடா?"

"பாத்தேன்."

"கடைசி?"

"நல்லா இருந்துச்சு."

பத்து மாதம் அதோடு போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எந்தப் படம் இருக்கலாம், எது போகலாம் என்று முடிவெடுப்பவரை நாங்கள் பட்டியல் என்று சொல்வோம். அவருக்கும் அது தெரியும், கோபப்படுவதில்லை. நான் அவளுடைய தம்பி என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார். காபி எடுத்துவர ஒரு ஆள் கிடைத்தமாதிரி ஆயிற்று.

"மேடம், இனிமே யாரும் படத்தைத் தேடிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க" என்றார் பட்டியல். "வேலையிலேர்ந்து வருவாங்க, சோபாவில விழுவாங்க. என்ன வேணும்னு அவங்க யோசிக்கிறதுக்குள்ள நாம ஓட விட்டிருக்கணும். இன்னும் கொஞ்ச வருஷத்துல ரிமோட்டே இருக்காது, பாருங்க."

"அப்ப நிறுத்துறது எப்படி?" என்றாள் அக்கா.

பட்டியல் சிரித்தார். மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க படம் அறுபத்தெட்டு. நூறு பேர் ஆரம்பிச்சா அறுபத்தெட்டு பேர் முழுசா பாக்குறாங்க. சின்னப் படத்துக்கு இது எங்களுக்கே நம்ப முடியல. மாசக் கடைசியில கணக்கு முடியும், இன்னொரு வருஷம் கண்டிப்பா இருக்கு. ரெண்டாவது படத்தையும் எங்களுக்கே பண்ணுங்க. ஆனா முடிவு இதே மாதிரி வேணும். ஆளைக் கதவு முன்னாடி நிக்க வெச்சிட்டு டக்குனு வெட்டினீங்க பாருங்க! உள்ள போனானா, போகலையா? எங்க வீட்டம்மா ரெண்டு நாள் என்னைப் போட்டு அரிச்சிட்டா."

அக்கா காபியை மேசையில் வைத்தாள். "வெட்டினேனா?"

"அதான் மேடம் அழகே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன். அறுபத்தெட்டைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட் அன்று ஓடவில்லை. படியில் இறங்கினோம். இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாருடா குறி போட்டது?"

"நான்தான்."

"தூங்கி வழிஞ்சியா?"

"இல்ல. நல்லா முழிச்சிட்டுதான் இருந்தேன். பேரு வந்துச்சு, போட்டேன். ரூலே அதான்."

"பேரு ஓடுறது நாலு நிமிஷம், அதுக்கப்புறம் ஆறு நிமிஷம் இருக்குடா. வாசல்ல நிக்கிறவனுக்கு நேரம் போகணும்ல? அதுக்குத்தான் பேரையெல்லாம் அங்க ஓட விட்டேன். அது முடிஞ்சதும் கதவு திறக்கும்."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா வீட்டுல பாத்துட்டுக் கேட்டா, 'உள்ள போனானா இல்லையாடி'னு. நான் சிரிச்சேன். எங்கம்மாவுக்குப் படம் பாக்கத் தெரியலன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்." இன்னும் நாலு படி இறங்கினாள். "நீ பாத்தேன்னு சொன்னியே."

நான் அவள் பின்னாலேயே இறங்கினேன்.

"எருமை" என்றாள். "குறியை நகர்த்து."

"நகர்த்தினா எண்ணிக்கை விழும்க்கா. பேரு வந்ததும் எந்திரிச்சுப் போற ஜனம் அது. அம்பதுக்குக் கீழ போனா படத்தைத் தூக்கிடுவாங்க. ரெண்டாவதும் கிடைக்காது."

"உன்னை யோசனை கேட்டேனா?"

"இல்ல."

"அப்ப நகர்த்து."

நகர்த்தினேன். எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு. கையை அசைக்கும் வேலைதான். முதல் வாரம் ஐம்பத்திரண்டு ஆனது. அடுத்த வாரம் முப்பத்தொன்பது. பெயர் வந்தால் படம் முடிந்தது என்று ஜனங்களை இத்தனை வருஷமாகப் பழக்கியதே எங்கள் அறைதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"உங்க அக்கா படம் ஏன் இப்படிக் கவுந்தடிச்சு விழுது?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "எங்கயாவது ஓட்டை போட்டு வெச்சியா?"

"ஓட்டையை அடைச்சேன்."

"அதான் பாத்தேன். நல்லது பண்ற மூஞ்சியா இது?"

மூன்றாவது வாரம் பட்டியல் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"கதவு திறக்குதா?"

"திறக்குதாம். அதுக்கப்புறம்..."

"இரு, இரு. சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா வீட்டுல உளறிடுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, பழைய இடத்துலயே வெச்சிடு. படம் நிக்கும், மேடத்துக்கு அடுத்த படமும் கிடைக்கும். அடுத்த வருஷம் இந்தக் குறியெல்லாம் மெஷினே போடப்போகுது. அதுவும் பேரைப் பாத்ததும்தான் போடும். நீ பிடிவாதம் பிடிச்சு என்ன ஆகப்போகுது?"

"மெஷின் போட்டா நாங்க ஆறு பேரும்?"

"அதை அடுத்த வருஷம் பேசலாம்."

அக்காவுக்குப் போன் செய்தேன். பட்டியல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், அறைக்குள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"எண்பத்தொண்ணுலேர்ந்து ஓட்டு. வேகத்தைக் குறைச்சிட்டு."

சாதாரண வேகத்தில் பெயர்கள் நான்கு நிமிடம் ஓடின. எனக்கு ஒரு மணி நேரமாகத் தெரிந்தது. நன்றி சொன்ன இடத்தில் பைக் தந்து உதவியதாக என் பெயரும் இருந்தது. அந்த பைக்கை அவள் கேட்காமல் எடுத்துப் போனாள். பெயர்கள் தீர்ந்தன. மெக்கானிக் இன்னும் அங்கேயே நிற்கிறான். அழைப்பு மணியை அழுத்துகிறான், சத்தம் வரவில்லை. உள்ளிருந்து கதவு திறக்கிறது. மனைவி கையில் ஸ்க்ரூடிரைவர். மணியின் மூடியைக் கழற்றுகிறாள். "இதைப் பிடி" என்கிறாள். அவன் ஒயரைப் பிடித்துக்கொள்கிறான். அவள் திருகுகிறாள். அவ்வளவு நேரமும் வேறு பேச்சில்லை. முடிந்ததும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். அவன் மணியை அழுத்துகிறான். அடிக்கிறது. "யாரு?" என்று உள்ளிருந்து குரல். படம் முடிந்தது.

"எப்படி?" என்றாள்.

"கதவு முன்னாடி நிறுத்தினதே நல்லா இருந்துச்சோன்னு தோணுது."

அடிப்பாள் என்று நினைத்தேன். நாற்காலியின் முதுகை ஒரு உதை உதைத்தாள், அது இடப்பக்கம் சாய்ந்தது.

"இப்பவாச்சும் பாத்துட்டுத் திட்டுற" என்றாள். பிறகு, "பேரு வந்ததும் எத்தனை செகண்ட்ல எந்திரிக்கிறாங்க?"

தேடிப் பார்த்தேன். "பாதிப் பேரு நாலு செகண்டுக்குள்ள."

என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் நான்கு என்று எழுதிக்கொண்டாள்.

"பழைய இடத்துலயே வெச்சிடு."

"நெஜமாவா?"

"அடுத்த படம் எடுக்க வேணாமா? அதுல பேரை மொத்தமா ஓட விடப்போறதில்ல. தடவைக்கு ஒரே பேரு, நாலு செகண்டுக்குள்ள, படம் பூரா அங்கங்க. உங்க மெஷின் எங்க குறி போடுதுன்னு நானும் பாக்குறேன்." பேனாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

குறியைத் திரும்ப எண்பத்தொன்றில் வைத்தேன். மாசக் கடைசியில் படம் ஐம்பத்தேழில் நின்றது. பட்டியல் எனக்குக் கைகொடுத்தார். ஈரக் கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டிவி முன்னால் உட்காரவைத்து, மூலைக்குப் போகும் சின்னப் படத்தை எந்தப் பட்டனை அழுத்தினால் பெரிதாக்கலாம் என்று காட்டினேன். அம்மா அழுத்தினாள். பெயர்கள் ஓடும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைசிவரை பார்த்தாள்.

"ஊர் லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்றவன்" என்றாள், "அந்த மணியை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருந்தா சண்டையே வந்திருக்காது."