கூண்டுக்குத் திரும்பும் வழி

இரும்புக் குழாய்க் கிடங்கில் கிரேன் ஓட்டும் ஒரே பெண் அவள். நாற்பதடி உயரக் கூண்டில் உட்கார்ந்து நான்கு டன் குழாய்க் கட்டைத் தூக்குவாள். கீழே சங்கிலி மாட்டுபவன் அவள் புருஷன். அந்தக் கூண்டுக்காக ஏழு வருஷம் தரையில் துரு சுரண்டியவள்.

வருஷத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை. அன்றைக்கு ஸ்டோர்காரர் தன் பிரஷர் மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்து, பயந்தவர்களுக்கு வரிசையிலேயே கொடுப்பார். யார் வேலையும் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணம். போன வருஷம் அவளும் அப்படித்தான் தேறினாள். இந்த வருஷம் பார்த்து அவர் லீவு.

நர்ஸ் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி சுற்றினாள். நூற்றைம்பத்தெட்டு, நூற்றிரண்டு.

"வயித்துல பிள்ளை இருந்தப்ப சுகர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பிள்ளையோட அதுவும் வெளிய போயிருச்சு."

"யாரு சொன்னா?"

"நானேதான்."

"அப்புறம் ரத்தம் குடுத்துப் பாத்தியா?"

"நாலு வருஷமா மக பின்னாடி ஓடவே நேரம் பத்தல."

"மாசமா இருக்கப்ப சுகர் வந்தவங்களுக்குப் பின்னாடி சுகரோ பிரஷரோ வர வாய்ப்பு ஜாஸ்தி. அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும். நீ ஒரேயடியா விட்டுட்ட."

வெறும் வயிற்று ரத்தத்தில் நூற்றுப் பதினான்கு. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசற்படி வரை வந்துவிட்டது. மறுநாளும் பிரஷர் இறங்கவில்லையென்றால் கூண்டு கிடையாது என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலை ஸ்டோர்காரர் காகிதத்தில் மடித்த பாதி மாத்திரையோடு நின்றார். "போட்டுக்க தங்கச்சி. ஒரு பயலுக்கும் தெரியாது."

வாங்கிக்கொண்டாள். முற்றத்தில் புருஷன் கொக்கிக்கு அடியில் குனிந்து சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல், மாற்று ஆள் தூக்கிய குழாய்க் கட்டு தொங்கியது. மேலே உட்கார்ந்திருக்கும்போது தனக்கு ஏதாவது ஆனால் அது எங்கே விழும் என்று கணக்குப் போட அவளுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. நேரே போய் மாத்திரையை நர்ஸின் மேஜையில் வைத்தாள்.

"போன வருஷம் இதப் போட்டுத்தான் பாஸானேன்."

அன்றும் பிரஷர் இறங்கவில்லை. மூன்று மாதம் தரை வேலை. கூண்டில், 'நத்தை' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மாற்று ஆள் ஏறினான். பெயர் சும்மா வரவில்லை. ஆனாலும் சூப்பர்வைசர், "அவனுக்குக் கை பழகிருச்சுன்னா கூண்டு அவனுக்குத்தான்" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னான்.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டாள். தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு பங்கானது. டீயில் சீனி போனது. மதிய இடைவேளையில் கிடங்கைச் சுற்றி வேகமாக நான்கு சுற்று. "என்ன, ஊர்வலமா?" என்றான் சூப்பர்வைசர். பதில் சொன்னால் மூச்சு வீணென்று நடந்தாள்.

வீட்டில் உப்பு குறைந்தது.

"பிரஷர் உனக்கு, பத்தியம் எனக்கா?" என்றான் புருஷன்.

"கொக்கிக்குக் கீழ நிக்கிறது யாரு?"

அவன் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான்.

மூன்றாம் மாதக் கடைசியில் நூற்றிருபத்துநான்கு, எண்பது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றேழு. நர்ஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கூண்டில் ஏறலாமென்று சீட்டெழுதினாள்.

"மாத்திரைய நீயா நிறுத்தாத. வருஷா வருஷம் ரத்தம் குடுக்கணும். இது முடிஞ்சு போற விஷயமில்ல."

"நானும் முடிஞ்சு போற ஆளில்ல" என்று சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

முற்றத்தில் மூன்று லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நத்தை ஒரு குழாய்க் கட்டை இறக்க முடியாமல் அந்தரத்தில் ஆட்டிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் சீட்டைப் படித்தான், லாரிகளைப் பார்த்தான்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"லாரிக்காரன்கிட்டயும் அதையே சொல்லுங்கண்ணே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நத்தையைக் கீழே கூப்பிட்டான்.

நாற்பதடி ஏணி. நடுவில் எங்கும் நிற்காமல் ஏறினாள். நெம்புகோலைத் தொட்டதும் ஆட்டம் அடங்கியது. கட்டு லாரியின் பலகையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. துரு சுரண்டும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

"எடும்மா மகராசி!" என்று கீழிருந்து கத்தினான் புருஷன்.

"முதல்ல நீ தள்ளி நில்லு" என்று மணியை அடித்துவிட்டு, அவள் அடுத்த கட்டுக்குப் போனாள்.