மீனம்மாவின் மேல்பல்

மீனம்மாவின் இடது கண் போனதற்குக் காரணம் ஒரு மேல்பல் என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக அங்கே யாரும் மேல்பல்லைப் பிடுங்கியதில்லை. சொத்தை விழுந்தாலும், கன்னம் வீங்கி முகமே மாறிப்போனாலும், கிராம்பை வைத்து அடைத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவார்களே தவிர பல் டொக்டர் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். "மீனம்மா கண்ணப் பாத்தீங்கல்ல?" என்று யாராவது கேட்டால் போதும், பிடுங்கக் கிளம்பியவர் பஸ் ஏறாமலே திரும்பிவிடுவார்.

அது பொய் என்பது மீனம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். பொய்யைச் சொன்னவளே அவள்தான்.

சொன்னதோடு அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். மகள் லோஜினிக்குக் கொழும்பில் கப்பல் அதிகாரிகளைப் பழக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. கப்பல் ஓட்டப் படிப்பவர்களுக்குக் கண்தான் முதல். லோஜினி கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரை படித்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் பிசகாமல் பிரித்துச் சொன்னாள். கண் டொக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார்கள். அடுத்த தாள் பல்லுக்கு. கடலில் மாதக்கணக்காக இருக்கிறவர்களுக்கு அங்கே பல் பார்க்க ஆளில்லை. தொல்லை தரக்கூடிய பல் ஏதும் வாயில் இல்லை என்று எழுதி வாங்கிவர வேண்டும். சேர ஐந்து கிழமைதான், ஒரு மாதம் சொச்சம்தான் இருந்தது.

அப்படித்தான் தாயும் மகளும் டவுன் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார்கள். பல் டொக்டர் இளவயதுச் சிங்களப் பெண், பொறுமைசாலி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி நிதானமாகச் சொன்னார். லோஜினி கேட்டுக் கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"கடைசிப் பல்லு நாலும் மொளைக்குதாம்மா. ஞானப்பல்லாம். கீழ ரெண்டும் படுத்துக் கெடக்கு. வலது பக்கம் மேல உள்ளது கன்னத்தக் குத்திக்கிட்டு வருதாம். இப்ப எடுத்துட்டா சேரறதுக்குள்ள ஆறிடுமாம்."

"எடுக்காட்டி?"

"எடுக்காமலும் போகலாமாம். ஆனா போன வருசம் ரெண்டு தரம் வீங்குச்சுல்ல, அதனால தொல்லை வரலாம்னுதான் எழுதுவாங்களாம். அப்புறம் சேத்துக்கிறதும் விடுறதும் காலேஜ்காரங்க இஷ்டம்." லோஜினி படத்தில் கீழ்வரிசையைத் தொட்டுக் காட்டினாள். "கீழ்ப்பல்லு வேருக்குப் பக்கத்துல நரம்பு ஓடுதாம். கொஞ்ச நாளைக்கு ஒதடு மரத்துப் போகலாமாம்."

நரம்பு என்று சொன்னதும் லோஜினி சட்டென்று திரும்பினாள். மேல்பல்லின் நரம்பு கண்ணுக்குப் போகுமா என்று டொக்டரிடம் கேட்டாள். டொக்டர் சிரித்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். லோஜினி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயைக் கைகாட்டினாள்.

டொக்டர் எழுந்து வந்தார். மீனம்மாவின் முகவாயை உயர்த்தி, டோர்ச் அடித்து அந்தக் கண்ணைப் பார்த்தார். கருமணியின் குறுக்கே வெள்ளையாய் ஒரு தழும்பு. பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, இந்தக் கண்ணுல என்ன குத்தினது?"

ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மகள் நாற்காலியில் சாய்வாள், பல் போகும், ஐந்து கிழமையில் அவளும் போவாள். சொல்லாவிட்டால்? கொத்மலை நீர்த்தேக்கத்தைத் தவிர பெரிய தண்ணீர் எதையும் மீனம்மா கண்டதில்லை. தாங்கள் இருக்கும் வரிசைவீட்டு லயத்தின் வாசலில் நின்று அதைப் பார்ப்பதற்கே அவளுக்குப் பயம். கடலில் அக்கரையே தெரியாது என்கிறார்களே.

"ஒண்ணும் குத்தலங்க டொக்டர். மேல்பல்லு புடுங்கினேன். நாலாம் நாள் கண்ணு போயிருச்சு."

லோஜினி நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது லோஜினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீனம்மாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அதன் பிறகு வீட்டில் பயம் குடிவந்துவிட்டது. லோஜினி காலையில் எழுந்ததும் முதலில் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். சோற்றை ஒரு பக்கமாக மென்றாள். போனில் பல் அறுவை வீடியோ பார்ப்பாள், பாதியில் கவிழ்த்து வைப்பாள். எடுக்கவும் பயம், எடுக்காமல் போகவும் பயம். தகப்பன் சிவசாமி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஒன் வாயி, நீதான் முடிவெடுக்கணும்" என்று சொல்லிக் கழன்றுகொண்டார். லயத்தின் அடுத்த அறையில், அடுத்த காம்பராவில் இருக்கும் அவருடைய அக்கா வேலாயி கழன்றுகொள்கிற ஆளா? கன்னத்துக்குள் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு தினமும் வந்துவிடுவாள்.

"ஞானப்பல்லாம்ல! எனக்கும்தான் நாலும் மொளச்சுச்சு, ஞானம் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு தெரியல. பேசாம இருடி லோஜி. மேல்பல்லுல மட்டும் கை வச்சுடாத. நானே பதினோரு வருசமா இந்தச் சொத்தையோட மாரடிக்கிறேன், எதுக்கு? கண்ணு வேணுமேன்னுதான்."

ஒரு நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்த மீனம்மா, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். லோஜினி ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு காம்பராவுக்குள் நடந்துகொண்டிருந்தாள். கதவு நிலையில் தோள் இடித்தது. மேசையிலிருந்த கோப்பையை எடுக்கப் போய், கை ஒரு விரற்கடை தள்ளிப் பட்டு அது உருண்டது.

"தூரம் சரியாத் தெரியலம்மா. ஒங்களுக்கு எப்பவும் இப்படித்தானா?"

கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள். குழாயடியில் வெகுநேரம் நின்றாள்.

மூன்றாம் நாள் காலையில் லோஜினியின் வலது கன்னம் வீங்கிவிட்டது. வாயில் இரண்டு விரல் நுழையவில்லை. காய்ச்சல் வேறு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து போனில் எதையோ தட்டினாள். வேலாயி எட்டிப் பார்த்து, "என்னடி எழுதுற?" என்றாள்.

"காலேஜுக்கு. வரலன்னு." வீங்கிய வாயில் வார்த்தை குழைந்தது. "புடுங்கவும் முடியாது, இதோட போகவும் முடியாது. நடுக்கடல்ல இப்படி வந்தா என்ன செய்றது? என்னால முடியல அத்தை."

வேலாயி அவள் தலையைத் தடவினாள். "அதான் நல்லது. இங்க என்ன கொறச்சல்?"

மீனம்மாவுக்கு வேண்டியது இதுதான். வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், பிள்ளை எங்கும் போகாது. ஆனால் அந்தப் பிள்ளை கம்பளிக்குள் குலுங்கியதைப் பார்த்தபோது மீனம்மாவால் அப்படி இருக்க முடியவில்லை. இவளைக் காப்பாற்ற எந்தப் பொய்யைச் சொன்னாளோ, இப்போது அதே பொய் இவளைத் தின்கிறது.

"அனுப்பாத."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங் கண்ணு பல்லால போகல." மீனம்மா படியில் உட்கார்ந்தாள். "நீ பொறந்து பன்னெண்டாம் நாளு. ஒன்னக் குளிப்பாட்டத் தண்ணி சுடவைக்க அடுப்புக்கு ஒரு குச்சி இல்ல. ஆறாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சி, மிளாறு, காஞ்சு கெடந்துச்சு. தீட்டுக் கழியாம வெளிய போகக்கூடாதுன்னு இந்தா, அண்ணிதான் சொல்லியிருந்தாங்க. அவங்க பெரட்டுக்குப் போன பெறகு நான் போனேன். மிளாறக் கட்டித் தூக்குறப்ப ஒரு குச்சி விசிறி அடிச்சுச்சு. கண்ணுலயே பட்டுருச்சு."

"அப்ப பல்லு?" என்றாள் லோஜினி.

"பல்லும் புடுங்கினதுதான். அதுக்கு நாலு நாளைக்கி முன்னாடி, ஒன்னக் காட்டக் கூட்டிட்டுப் போனப்ப, தோட்டத்து ஆஸ்பத்திரில. கேட்டவங்களுக்கு அதையே சொல்லிட்டேன். பாவம், பல்ல எடுத்த அந்த மருந்துக்காரர எல்லாரும் ஏசுன ஏச்சுல அவரு மாத்தல் வாங்கிட்டே போயிட்டாரு."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

மீனம்மா தரையைப் பார்த்தாள். "அந்தக் கெழமதான் ஒங்கப்பா கால்ல கத்தி பட்டுச்சு. புள்ள பொறந்த நேரம் தகப்பன் கால வாங்கிருச்சுன்னு பேசினாங்க. ஒனக்குத் தண்ணி சுடவைக்கப் போயி ஆத்தா கண்ணும் போச்சுன்னா? காலம் பூரா ஒன்ன ராசி இல்லாதவன்னு சொல்லியே கொன்னுருப்பாங்க."

பேசியது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வேலாயி கன்னத்திலிருந்து கிராம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெறித்துப் பார்த்தாள்.

"அடிப் பாவி. பதினோரு வருசம்டி!" என்றாள். கோபத்தில் ஆரம்பித்த குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "ஆனா நீ பயந்தது நெசந்தான். நான் சொல்லித்தான் இருப்பேன்."

லோஜினி அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைத் தழும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி. பிறகு கேட்டாள், "அன்னைக்கு டொக்டர் கேட்டாங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

இதுதான் மீனம்மா பயந்த கேள்வி. முதல் பொய்யை மகளுக்காகச் சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னது யாருக்காக?

"சொன்னா நீ போயிருவ. அதான்."

லோஜினி போனைக் கையில் எடுத்தாள். போனில் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வலியிலா, வேறு எதிலா என்று மீனம்மாவுக்கு விளங்கவில்லை.

ஒரு கிழமை மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வடிந்த பிறகு டொக்டர் நாள் குறித்தார். முதலில் வலது பக்கம், மேலும் கீழும். மறுபக்கம் பிறகு. வேலாயியும் கூடவே வந்தாள். தன் சொத்தைக்கு நம்பர் எடுத்துக்கொண்டு, முருகா முருகா என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். லோஜினி தாளில் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்து, "நெசமாவே குச்சிதானேம்மா?" என்று கேட்டாள்.

"ஒம் மேல சத்தியமா."

கதவு மூடியது. உள்ளே ஏதோ இயந்திரம் கிறீச்சிட்டது. பத்தொன்பது வருஷம் ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சொன்னவளையே பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. குச்சி பட்டது நிஜம்தான். ஆனால் அது வருவது ஏன் தெரியவில்லை? கண் எதிரே வந்த குச்சி! பல் பிடுங்கிய நரம்பு அதற்கு முன்பே கண்ணை மங்கச் செய்திருந்தால்? தான் பொய் என்று நினைத்துச் சொன்னதே உண்மையாக இருந்துவிட்டால்? எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது. வேலாயியின் கையைப் பிடித்தாள். அந்தக் கையும் வேர்த்திருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து லோஜினி வெளியே வந்தாள். வாய் நிறையப் பஞ்சு, மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. பேச முடியவில்லை. மீனம்மா ஓடிப்போய், சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதைக்கூட நினைக்காமல், மகளின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மற்றக் கையின் விரல்களை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"எத்தனன்னு சொல்லு."

லோஜினி தன் கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினாள்.

மீனம்மா இரண்டடி பின்னால் போய், "பொத்திக்க" என்றாள். மகள் தானே இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இன்னும் பின்னால் போனாள். நடைபாதையின் கடைசிச் சுவர் வரை போய், அங்கிருந்து இரண்டு விரலை உயர்த்தினாள். அத்தனை பேருக்கும் அப்பாலிருந்து லோஜினி கோணிய வாயோடு சிரித்தபடி இரண்டு விரலைக் காட்டினாள்.

கண் நன்றாகத்தான் தெரிகிறது. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது. இனி அவளைத் தடுக்க ஒன்றுமில்லை என்பது மீனம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உயர்த்திய விரல்களை மடக்கத் தோன்றாமல் அங்கேயே நின்றாள்.