உள்ளங்கையில் பம்பளிமாஸ்

1

இந்தக் கதைக்குக் காரணம் வயிற்றெரிச்சல். முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை, மூன்றாவது வாக்கியத்திலும் எரிகிறது.

நான் ஜப்பானில், யாத்சுஷிரோ என்ற ஊரில் கோரைப்பாய்க் கடை வைத்திருப்பவன். பெயர் நிஷியோரி. ஓய்வு நேரத்தில் கதை எழுதுவேன். ஊர்ப் பத்திரிகையில் ஐந்தாறு வந்திருக்கின்றன. எங்கள் வாள்பயிற்சிக் கூடத்தில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஆண்டு மலருக்கு, கூடத்திலேயே பேர்போன வாள்வீரன் குனிதோமோவைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதும்படி கேட்டார்கள். கேட்டவர் மலரின் ஆசிரியை ஹமாசாகி அம்மாள். மருந்துக்கடை நடத்துகிறார். இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"மூணு பக்கம் போதும் நிஷியோரி சான். மின்னல், பருந்து எல்லாம் போடாதீங்க, போன வருஷமே ரெண்டு பேர் போட்டுட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை கோயில் முற்றத்துல வெட்டிக் காட்டப் போறானே, அது முடியட்டும். பார்த்துட்டு எழுதறேன்."

"அச்சகத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலமே போயாகணும். நீங்க 'ஞாயிறன்றும் அசத்தினார்'னே எழுதிடுங்க. அவரு எப்ப சொதப்பியிருக்காரு?"

கவனித்தீர்களா? நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதச் சொல்கிறார், அதுவும் கட்டுரையில். கதை எழுதும் நான் அந்தச் சலுகையை என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. குனிதோமோவுக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

இன்று சனிக்கிழமை.

2

தொடக்கங்கள்:

அ) "குனிதோமோ தெப்பெய் வாளை உருவும்போது காற்றே ஒரு கணம்" (வேண்டாம். காற்று ஒன்றும் செய்வதில்லை. நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.)

ஆ) "நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குழாய் அடைப்பைச் சரிபார்க்கும் ஒரு சாதாரண மனிதர்" (இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் வாசகருக்கு அவன்மேல் இன்னும் பிரியம் வந்துவிடும். அதற்கு நான் ஆளில்லை.)

இ) "அவனும் நானும் ஒரே நாளில் கூடத்தில் சேர்ந்தோம்."

இது நிற்கட்டும். எங்கள் கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்த இருவர் கடைசிவரை ஜோடி. ஒருவன் வெட்டினால் மற்றவன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், வெட்டும் பாயை நனைத்து வைக்க வேண்டும், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முறைப்படி பார்த்தால் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் விஷயத்தில் மாறவே இல்லை.

அவன் என்ன செய்வான் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டுரை அவனைப் பற்றியதாயிற்றே.

தண்ணீரில் ஊறிய பாய்ச்சுருளை நட்டு வைத்தால் குறுக்கே சாய்த்து வெட்டுவான். வெட்டிய மேல்துண்டு விழாது. இருந்த இடத்திலேயே நிற்கும். வெட்டவில்லையோ என்று கூட்டம் முணுமுணுக்கும்போது அவன் வணங்கிவிட்டுப் போய்விடுவான். நான் போய் விரலால் தொடுவேன், அப்போதுதான் விழும். கைதட்டல் அந்த நேரத்தில்தான் வரும், என் விரலுக்குப் பக்கத்தில், ஆனால் எனக்கில்லை. இந்தக் காட்சியை யாரோ படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் என் முழங்கை தெரிகிறது.

(பாய் என்னுடையது. சுருட்டியது நான். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதும் என் கணக்கு. இதை மலரில் போடுவார்களா என்று ஹமாசாகி அம்மாளிடம் கேட்டேன். "இடமிருந்தா பார்க்கலாம்" என்றார்.)

வாளை மறுபடி உறைக்குள் போடும்போது வெட்டியவன் குனிந்து பார்க்கக் கூடாது. கண் தொலைவில் ஒரு மலையைப் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும்; இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உறையின் வாயைத் தடவிப் பார்த்து வாள்முனைக்கு வழி காட்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் அங்கே அறுத்துக்கொள்வார்கள். கூடத்தில் யாருடைய இடது கையைப் பார்த்தாலும் அந்த விரல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். எனக்கு மூன்று. குனிதோமோவுக்கு இந்தப் புதன்கிழமை வரை ஒன்றுகூடக் கிடையாது. பிறந்த குழந்தையின் கை மாதிரி வைத்திருந்தான்.

"அவர் கையைப் பத்தி இவ்வளவு பேசறீங்களே, என் கையில என்ன தழும்பு இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் என் மனைவி மிசாவோ, இந்தப் பத்தியைத் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு.

எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். குனிதோமோ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் கடுகு அடைத்த தாமரைக்கிழங்கில் நடுத்துண்டு அவனுக்குத்தான் போகும். ஓரத்துண்டு எனக்கு. இதையும் எழுதி வைக்கிறேன்.

3

ஹமாசாகி அம்மாள் சொன்னபடி முடிவை முன்கூட்டியே எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை செய்யப்போவது பம்பளிமாஸ் வெட்டு. எங்கள் ஊர்ப் பம்பளிமாஸ் ஒரு சின்னப் பானை அளவு இருக்கும். அதை ஒருவன் தன் உள்ளங்கையில் ஏந்தி நிற்க, குனிதோமோ மேலிருந்து வெட்டுவான். பழம் இரண்டாகப் பிளக்கும், ஆனால் அடித்தோல் மட்டும் முழுசாக இருக்கும். வாள் அடித்தோலின் வெள்ளைச் சதைக்குள் நின்றுவிடும். பிடித்திருப்பவனின் உள்ளங்கை காய்ந்தே இருக்க வேண்டும். ஒரு சொட்டுச் சாறு படிந்தாலும் தோல்வி.

பிடிப்பவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

'ஞாயிறன்றும் அசத்தினார்' என்று எழுதினேன். அடித்தேன். கதைதானே, ஒரு தடவையாவது தோற்கட்டுமே என்று தோன்றியது. காகிதத்தில் தோற்றால் யாருக்கு நஷ்டம்?

முதலில், முற்றத்து ஈரத்தில் அவன் கால் வழுக்கியது என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். பச்சைப் பொய். மழையில், பனியில், ஒருமுறை கொட்டிக்கிடந்த சோயாச் சாற்றின் மேல்கூட அவன் நின்று நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, காலையிலேயே குடித்துவிட்டு வந்தான் என்று எழுதினேன். அரிசிச் சாராயம் உள்ளே போனால் அவன் தோள் இன்னும் தளர்ந்து, இன்னும் நன்றாக வெட்டுவான். எனக்குக் குடித்தால் தூக்கம் வரும்.

வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது? அவன்தான் எதையும் பார்த்து வெட்டுவதில்லையே, வெட்டும்போதும் அந்தத் தொலைதூர மலையைத்தானே பார்க்கிறான்.

ஒரு நல்ல கதாசிரியன் நம்பமுடியாத திருப்பத்தை எழுதக் கூடாது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். வாளில் பிழை இல்லை, காலில் இல்லை, கண்ணில் இல்லை. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. பழத்துக்கு அடியில் இருக்கும் கை அசைந்தால்? அரிசி மணி அளவு மேலே எழும்பினால் போதும்.

நம்பும்படியாக இருந்தது. அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை.

4

புதன்கிழமை ஒத்திகை.

[இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடத்தான் நினைத்தேன். 'ஒத்திகை இனிதே நடந்தது' என்று ஒரு வரி போட்டால் ஹமாசாகி அம்மாளுக்கும் சந்தோஷம்.]

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பழத்தை ஏந்தி நின்றேன். குனிதோமோ வாளை உயர்த்தினான். அவன் பார்வை என்னைத் தாண்டிச் சுவரையும் தாண்டி எங்கோ போனது. வாள் இறங்கியது. என் கை எழும்பியது.

வாள் பழத்தைத் தொடவில்லை. தோலுக்கு மேலே, ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் நின்றது. வேகமாக இறங்கும் வாளை அப்படி நிறுத்துவதற்கு என்ன கை வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'பாவி, இதையும் செய்கிறானே' என்றுதான் வந்தது.

"கை எழும்புச்சு" என்றான்.

"பழம் கனமா இருக்கு."

"ம்."

வாளை உறையில் போடத் திருப்பினான். அப்போது அவன் மலையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், காயம் ஏதாவது பட்டிருக்கிறதா என்று. முனை வழி தவறியது. அவனுடைய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோடு தெரிந்து, பிறகு சொட்டியது.

முதல் நாள் வந்தவன் செய்யும் தவறு! எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷத்தில்தான். மறைக்க ஒன்றுமில்லை. கட்டுப்போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தபோது சீட்டியடித்தேன். பாலம் வரும்வரை அடித்தேன். அங்கே வந்ததும், அவன் ஏன் குனிந்து பார்த்தான் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு சீட்டி வரவில்லை.

5

இப்போது முடிவுகள். ஹமாசாகி அம்மாள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவு: கை அசையவில்லை. பழம் பிளந்தது, உள்ளங்கை காய்ந்திருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கட்டோடு வெட்டினாராமே என்று பெருமை இன்னும் ஏறியது. என் முழங்கை இன்னொரு காணொளியில் வந்தது.

இரண்டாவது முடிவு: கை எழும்பியது. ரத்தம் என்னுடையது, அவமானம் அவனுடையது. பழம் பிடித்தவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பாவம் நிஷியோரி என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை வரும். வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் முழுக்க என்னைப் பற்றிப் பேசும்.

(இந்த முடிவை எழுதும்போது என் கையெழுத்து அழகாக இருக்கிறது. மிசாவோவும் சொன்னாள். எதை எழுதினேன் என்று அவள் படிக்கவில்லை.)

மூன்றாவது முடிவு: எனக்குக் காய்ச்சல், வேறு யாரோ பிடிக்கிறார்கள், ஆகவே

இது கோழையின் முடிவு. வாக்கியத்தைக்கூட முடிக்க மனம் வரவில்லை.

6

எழுதிக்கொண்டிருக்கும்போதே குனிதோமோ கடைக்கு வந்துவிட்டான். நாளைக்கு வேண்டிய பாய்ச்சுருள்களை எடுக்க வந்தவன். தோளில் வழக்கம்போல் தூண்டில் பை. வாளை அதில்தான் வைத்துக்கொண்டு திரிவான். வழியில் யாராவது "மீன் கடிச்சுதா?" என்று கேட்டால் "இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க" என்பான்.

"டேய், என்னைப் பத்தித்தானே எழுதற? காட்டு."

"இன்னும் முடியல."

"முடியாததைத்தான் படிக்கணும்" என்று மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

நின்றபடியே படித்தான். சோயாச் சாறு வந்த இடத்தில் சிரித்தான். தாமரைக்கிழங்கு வந்த இடத்தில், "நடுத்துண்டை நீயே தின்னுடா, ஓரம்தான் எனக்குப் பிடிக்கும்" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றது. நான் பாய்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"புதன்கிழமை நீயா எழுப்பினியா, தானா எழும்புச்சா?"

"தெரியல."

"எழுதறவனுக்குத் தெரியாதா?"

"நானா எழுப்பினேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. அவன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, நுனிகளை மேசையில் தட்டிச் சரிசெய்தான்.

"நாளைக்கு வேற யாரையாவது பிடிக்கச் சொல்லு" என்றேன்.

"எதுக்கு? ஒரே நாள்ல சேர்ந்தவன் நீதானே."

"நாளைக்கும் எழும்பினா?"

"நிறுத்திடுவேன்."

"நிறுத்த முடியலன்னா?"

கொஞ்சம் யோசித்தான். நகராட்சியில் யாராவது வந்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் எப்படி யோசிப்பானோ அப்படி.

"உன் கை போச்சுன்னா என் வாளும் போச்சு. அப்புறம் எடுக்க மாட்டேன். வேறென்ன செய்ய முடியும்?"

"இதைப் படிச்சப்புறமுமா என்னைப் பிடிக்கச் சொல்ற? பைத்தியமாடா உனக்கு?"

"ஊரே கைதட்டுது. ஒருத்தன்கூட நான் என்ன செய்யறேன்னு பார்க்கறதில்ல. நீதான் எங்கயாவது தப்பு கிடைக்காதான்னு இத்தனை வருஷமா கண்ணை எடுக்காம பார்த்துட்டிருக்க. உன் முன்னாடி வெட்டினாத்தான் எனக்கு வெட்டின மாதிரி இருக்கு." பாய்களைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான். "ரெண்டாவது முடிவு நல்லா வந்திருக்கு. பழக்கூடை வர்ற இடம் ஜோர்."

போய்விட்டான். நம்புவதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நல்லது.

7

ஹமாசாகி அம்மாள் ஃபோன் செய்தார்.

"அச்சகத்துல ஆள் காத்துட்டிருக்கான். முடிவு வந்துச்சா, இல்லையா?"

"இல்ல."

"ஒரே ஒரு வரி! அதுக்கா இவ்வளவு பாடு?"

ஆமாம், அதுக்குத்தான். முதல் முடிவை அனுப்பினால் அவன் இன்னொரு முறை ஜெயிப்பான், அதையும் நானே என் கையால் எழுதியதாக இருக்கும். இரண்டாவதை அனுப்பினால், எழுதிய கை நாளைக்கு அதைச் செய்து பார்க்க விரும்பும். செவ்வாய்க்கிழமை எழுதியதைப் புதன்கிழமை செய்த கை இது. இதை நான் நம்பவில்லை. அவன் நம்புகிறான்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். மறுக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு குனிதோமோ இருப்பார். உங்களோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம், உடன்பிறந்தவராகக்கூட இருக்கலாம். அவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், நினைத்துக்கொண்டால் போதும்.

வலது கையை நீட்டுங்கள். பழத்தை வைத்துவிட்டேன். முற்றம் நிறையக் கூட்டம், எல்லாருடைய கண்ணும் வாளில் இருக்கிறது. பழத்துக்கு அடியில் உங்கள் விரல்கள் என்ன செய்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரியும், தெரிந்தேதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். இப்போது உங்களைப் பார்க்காமல் தொலைவில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாள் உயர்ந்துவிட்டது. பழம் கனக்கிறது, எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிவு செய்யுங்கள்.