பெயிண்டர் வந்திருக்கிறார்

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றால் அதுவே ஒரு பொய். மருந்துக்கடை கவுன்டரில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். "நாளைக்குக் கண்டிப்பா வந்துடும் சார்" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னது வேறு ரகம்.

எங்கள் வீடு நாலாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. என் சம்பளத்துக்கு இந்த ஊரில் இதுவே பெரிசு. இதைப் பிடிக்க நானும் மனைவியும் ஐந்து மாதம் நாயாய் அலைந்தோம். குறைந்த வாடகைக்கு ஒரே நிபந்தனை: இரண்டு பேர்தான், அதற்கு மேல் ஒரு தலை கூடாது. விருந்தாளி என்றாலும் ஒரு வாரம்தான். தண்ணீர்த் தொட்டி சின்னதாம். இரண்டாம் மாடித் தையல்காரர் தன் தம்பியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார் என்று, வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலே அவரை அனுப்பிவிட்டார்.

அப்பா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வெளியூரில் அக்கா வீட்டில்தான் இருப்பார். கண்புரை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். நாற்பது வருஷம் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர், சும்மா உட்காரத் தெரியாது. ஜன்னலுக்குக் கீழே சுவர் ஈரம் ஊறி உரிந்து கிடப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு எப்படிடா உனக்குச் சாப்பாடு இறங்குது?" என்றார். அன்று எனக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கடைக்குப் போய் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்கு பெல் அடித்தது. புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் முன்னாலேயே புது ஒப்பந்தத்தோடு வாசலில் நின்றார். அவர் பார்வை என் தோளைத் தாண்டி உள்ளே போனது. அப்பா முட்டிபோட்டுச் சுவரில் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அது யாரு?"

"பெயிண்டர் மேடம்," என்றேன். எச்சில் விழுங்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

வீட்டுக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பரவாயில்லையே, சொந்தச் செலவுல சரி பண்றீங்க. உங்களை மாதிரி ஆளுங்க இருந்தா எனக்கு என்ன கவலை!"

அதோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டால் விடுமா? தரையில் இரண்டு சொட்டு வெள்ளை விழுந்து கிடந்தது. அவர் கண் அங்கே போனது. முகம் சுளிப்பதற்குள் நான் கத்தினேன்.

"யோவ், கண்ணு தெரியல? தரையெல்லாம் சிந்தி வெச்சிருக்க. துடை முதல்ல!"

கண் தெரியாததால்தான் சிந்தியது. அது எனக்குத் தெரியும். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, சொட்டு விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அழுத்தி அழுத்தித் துடைத்தார். நான் குனிந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"வயசானவர் தம்பி, மரியாதையாப் பேசுங்க," என்றார் வீட்டுக்காரம்மா. "இந்த வயசுல வேலைக்கு வர்றார்னா, பெத்தது சரியில்லைன்னு அர்த்தம். ஏங்க பெரியவரே, பிள்ளைங்க இல்லையா?"

"இருக்காங்கம்மா. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு."

"பையன் வெச்சுப் பாத்துக்கக் கூடாதா?"

"அவனுக்கு இடம் பத்தாதும்மா," என்றார் அப்பா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இருவர் மட்டும்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு வீடு எங்களுடையது. வீட்டுக்காரம்மா கிளம்பும்போது அப்பாவைப் பார்த்தார். "வேலை முடிஞ்சுதா பெரியவரே? இந்த வெயில்ல பஸ்ஸுக்கு நிக்காதீங்க. கார்லதான் வந்தேன், வாங்க, இறக்கி விடறேன். எங்க போகணும்?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நல்ல மனுஷி அவர். திட்டியிருப்பார், ஒருவேளை சிரித்தும் இருப்பார். நான் அவர் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், கிழித்துவிடுவாரோ என்று.

இந்த ஊரில் ஆஸ்பத்திரியை விட்டால் அப்பாவுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. "பஸ் ஸ்டாண்டுல விட்டாப் போதும்மா," என்றார். வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்போடு கிளம்பினார். வாசலில் திரும்பி, "வரேன் சார்," என்றார்.

கார் தெருமுனை திரும்பியதும் ஓடினேன். இரண்டு பஸ் மாறி, முக்கால் மணி நேரம். வழியெல்லாம் என்னையே வைதுகொண்டேன். காலில் விழுந்துவிடுவது, இன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் டிக்கெட். ஊர் திரும்பும் பணம் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

"மூணு மணி வண்டி," என்றார். "அக்காவுக்குப் போன் பண்ணிடு. என் பையை அப்புறம் அனுப்பு."

"அப்பா, வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

"கண்ணு எங்கடா ஓடிடப் போவுது? அந்தம்மா என்னை நல்லாப் பாத்துட்டாங்க. இனிமே அங்க நான் நடமாடினா நீ மாட்டிக்குவ. வீடு கிடைக்கிறது லேசா?"

"வாங்கப்பா, போகலாம்," என்று கையைப் பிடித்தேன். மாட்டேன் என்று தலையசைத்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கத்தியதை, துடைக்க விட்டதை, எல்லாவற்றையும். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பஸ் கிளம்பி, ஜன்னலோரம் அப்பாவின் தலை மறைந்ததும், எனக்கு அழுகை வரும் என்றுதான் காத்திருந்தேன். வந்தது நிம்மதி.