பதுங்குகுழிக் கோட்டு

ஹொரேஸ் கிளெக் முதல் உலகப் போரில் லெப்டினன்டாகத்தான் இருந்தான். மான்செஸ்டரில் மழைக்கோட்டுக் கடை வைத்திருந்த பாம்ஃபோர்டு, வேலைக்குச் சேர்த்த அன்றே அவனைக் கேப்டன் ஆக்கிவிட்டார்.

"லெப்டினன்ட்னு சொன்னா வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது. கேப்டன்னே இருக்கட்டும். சர்க்கார் குடுக்காத பதவிய நான் குடுக்கறேன், சந்தோஷப்படுய்யா," என்றார்.

ஓல்டாம் நூற்பாலைக் கூலியாக இருந்து சிப்பாயாகப் போனவன் கிளெக். அதிகாரிகள் வரிசையாகச் செத்து விழுந்து ஆள் போதாமல் போகவே அவனையும் அதிகாரி ஆக்கினார்கள். திரும்பி வந்தபோது ஆலையில் அவன் இடத்தில் வேறு ஆள் நின்றான். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தான். பாம்ஃபோர்டு அவனை எடுத்துக்கொண்டதுகூட அவன் போட்டிருந்த பழைய பதுங்குகுழிக் கோட்டைப் பார்த்துத்தான்.

1920ஆம் வருஷத்துக் குளிர்காலம் அது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கோட்டின்மேல் பித்து. அவர்கள் அப்பாக்கள் காலத்தில் மழைக்கோட்டென்றால் ரப்பர் பூசியதுதான். வெளியே மழை, உள்ளே வேர்வை, பக்கத்தில் உட்காருகிறவனுக்கு நாற்றம். அப்புறம் நெருக்கமாக நெய்த பருத்தித்துணிக் கோட்டு வந்தது. பதுங்குகுழிகளில் கிடந்த அதிகாரிகள் அதைச் சொந்தக் காசில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இப்போது போர்முனையை எட்டிக்கூடப் பார்க்காத தரகர்களும் குமாஸ்தாக்களும் கண்ணாடி முன்னால் நின்று இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வளையம் எதுக்கு?" என்று எல்லோரும் வாரில் தொங்கும் பித்தளை வளையத்தைத் தொட்டுக் கேட்பார்கள்.

வரைபடப் பையை மாட்டத்தான் அது. ஆனால் கையெறி குண்டு மாட்ட என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பாம்ஃபோர்டின் உத்தரவு. கிளெக் அப்படியே சொல்வான். தோள்பட்டை நாடா பதவிச் சின்னத்துக்கு, மார்பின்மேல் மடியும் துண்டு மழை இறங்காமலிருக்க, முதுகுப் பிளவு குதிரையில் உட்கார. "பெல்ஜியத்துல, பாஷன்டேல் சண்டையில மூணு நாள் விடாம மழை. சட்டை ஈரமாகல," என்று முடிப்பான். அதைச் சொல்லச் சொல்ல அவனுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்கும். வீட்டுக்குப் போனால் மனைவி ஆனியிடம்கூடப் பேசமாட்டான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வயதான ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். டர்ட்டன் என்று பெயர் சொன்னார். ஸ்டாக்போர்ட்டில் பள்ளிக்கூட வாத்தியார். கோட்டு எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

"நீங்க பாஷன்டேல்ல இருந்தீங்களாமே, தம்பி?"

"இருந்தேன், ஐயா."

"எம் பையன் ராபினும் அங்கதான். சேத்துல காணாமப் போயிட்டான். கஷ்டப்படாமப் போனான்னு எழுதியிருந்தாங்க. காணாமப் போனவன் கஷ்டப்பட்டானா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" குடையைச் சுவரில் சாய்த்தார். "மூணு வருஷமா எல்லாரும் எனக்கு இதமாத்தான் சொல்றாங்க. ஒருத்தராவது உள்ளதச் சொல்லுங்க."

பாம்ஃபோர்டு பின்கட்டில் சரக்கு பிரித்துக்கொண்டிருந்தார். கிளெக் அந்த மனிதரின் கண்களைப் பார்த்தான். இவரிடமும் சட்டை ஈரமாகவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"என்கூட ஹாலம்னு ஒருத்தன் இருந்தான், ஐயா. சேத்து மேல போட்ட பலகைப் பாதையிலேருந்து கால் தவறி உள்ள விழுந்துட்டான். கோட்டு முழுக்கச் சேறு. ஒரு ஆள் கனம் இருக்கும். துப்பாக்கிய நீட்டி நாலு பேர் இழுத்தோம், வரல. கோட்டோட கீழ்ப்பக்கத்தக் கத்தியால அறுக்கப் பாத்தோம், கைக்கு எட்டல. எங்கள முன்னால போகச் சொல்லி உத்தரவு. போயிட்டோம். கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."

டர்ட்டன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மரப்பொம்மை மேலிருந்த கோட்டருகே போனார். கம்பளி உள்துணி வைத்த கனத்த ரகம் அது. கழுத்துக் கொக்கியைக் கழற்றினார். இடுப்பு வாரை அவிழ்த்தார். பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பத்துப் பொத்தான். பிறகு மணிக்கட்டுப் பட்டைகள். கழற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அவன் லேசான கோட்டத்தான் எடுத்தான்," என்றார் திரும்பாமல். "அவனுக்குச் சட்டுனு நெஞ்சுச்சளி புடிச்சுக்கும். நான்தான் அதக் கீழ வெக்கச் சொல்லி இதப் போட்டுவிட்டேன். இந்தக் கடையிலதான்."

கிளெக் அவர் பக்கத்தில் போனான். "எல்லாருக்கும் அப்படி ஆகல, ஐயா. பாதிப் பேர் கோட்டக் கழட்டி வச்சிட்டுத்தான் போனாங்க. உங்க பையனும்..."

"வேண்டாம், தம்பி. இப்பதான் நெசம் சொன்னீங்க."

குடையை எடுக்காமலே வெளியே போனார். கிளெக் குடையோடு டிராம் நிறுத்தம்வரை ஓடினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. டிராம் ஏறினார்.

திரும்பி வந்தபோது பாம்ஃபோர்டு கோட்டுக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். "கேட்டேன்யா எல்லாத்தையும். நீ சொன்னது பொய்னு நான் சொல்லல. ஆனா அத இங்க நின்னு சொல்லக் கூடாது. நாளையிலேருந்து வராதே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வேலை போனதைக் கேட்டு ஆனி அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஏங்க, அந்தப் பெரியவருக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன? ஊருக்கே சொன்னீங்களே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பொய்யையாவது சொல்லிவிட்டு வரலாமென்று ஸ்டாக்போர்ட்டில் விசாரித்து டர்ட்டன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி கதவைத் திறந்தாள். பாஷன்டேலில் இருந்தவன் என்று சொன்னான்.

"நீங்க ராபினோட இருந்தவரா?" என்று ஆவலாகக் கேட்டாள். "உள்ள வாங்க. யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க, மூணு நாளா பச்சத் தண்ணிகூட அவர் பல்லுல படல. நீங்களாவது நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

டர்ட்டன் சன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். அவனைப் பார்த்தார், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

கிளெக் வாயைத் திறந்தான். அத்தனை பேரிடம் அத்தனை தடவை சொன்னவனுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. தேநீர் ஆறியது. அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த 'யாரோ' இவன்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.