கொஞ்சம் வசதியான வீடு

"சீனிய போட்டே குடுத்துறவா, இல்ல தனியா வைக்கவா?" என்று அம்மா போனில் கேட்டபோது நான் ஹட்டனில் ஒரு ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பொருளியல் விரிவுரையாளர் பப்பாசித் துண்டுகளை இடுக்கியால் புரட்டிப் புரட்டித் தெரிவுசெய்துகொண்டிருந்தார். தனியா வை, சில பேருக்கு சுகர் இருக்கும் என்றேன். "படிச்சவங்களுக்குமா?" என்றாள். பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"குடிப்பாங்கல்ல?"

குடிப்பாங்க என்றேன்.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு வெளியாட்கள் வராமல் இல்லை. டெங்கு பார்க்க வருவார்கள், கணக்கெடுக்க வருவார்கள், தேர்தல் வந்தால் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். எல்லோரும் இஸ்தோப்பில் நின்றபடியே பேசுவார்கள். காம்பரா என்கிற அறைக்கு முன்னால், ஒரு ஆள் கால் நீட்ட முடியாத அகலத்தில் கூரை இறக்கிய இடம், அதுதான் இஸ்தோப்பு. உட்காரச் சொன்னால் பரவாயில்லை என்பார்கள். தேத்தண்ணி என்றால் இப்போதுதான் குடித்தோம் என்பார்கள். ஊர் உலகம் குடிக்கிற தேயிலையைப் பறிக்கிறவர்கள் கையால் வாங்கிக் குடிக்க மட்டும் எல்லோருக்கும் இப்போதுதான் குடித்திருக்கும். அதனால் எங்கள் ஆட்கள் மரியாதைக்குக் கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். அம்மா மட்டும் நிற்பாள்.

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்களுக்கு, எப்படிப் படிப்பிப்பது என்று ஒரு பயிற்சி இருக்கிறது. அதன் சேர்ட்டிபிக்கட் இல்லாமல் யாரையும் பதவியில் உறுதிப்படுத்த மாட்டார்கள். நிரந்தரப் பதவிக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பயிற்சி உரிமை. என்னைப் போல வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டச்சொல்லிக் கெஞ்சும் தற்காலிக ஆட்களுக்கு அது கிடையாது. ஆனால் நிரந்தர நியமனத்துக்கான இன்டர்வியூவில் அந்தச் சேர்ட்டிபிக்கட்டுக்குப் புள்ளி உண்டு. இரண்டு தடவை இன்டர்வியூவுக்குப் போனேன். இரண்டு தடவையும் அந்த இடத்தில்தான் பேனா நின்றது. மூன்றாவது இன்டர்வியூ அடுத்த மாதம். வயதெல்லை காரணமாக எனக்கு அதுதான் கடைசி.

பயிற்சிக்குப் பொறுப்பான சிவகௌரி மெடம் யாழ்ப்பாணம். அவர் கெட்டவர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர்தான் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "வினோதா, நீர் அந்தப் பக்கத்து ஆள்தானே. எங்கட பிள்ளையள் எங்கயிருந்து வருகினம் எண்டு பயிற்சிக்கு வாற இவைக்கு ஒண்டும் தெரியாது. தோட்டத்தில ஒரு வீட்டை ஒழுங்குபண்ணித் தாரும். உம்மையும் நான் பங்குபற்றுற ஆளாப் போட்டுவிடுறன்." தோட்டத்துக்குப் போய்வந்த பின்னேரம், ஹோட்டலில் ஒவ்வொருவரும் என்ன கற்றோம் என்று எழும்பிப் பேச வேண்டும். அந்த அமர்வுக்கு வராதவருக்குச் சேர்ட்டிபிக்கட் இல்லை. சரிதானே என்றார். ஓம் மெடம் என்றேன். கெம்பஸில் நான் ஓம் என்பேன். வீட்டில் ஆமா.

வேறு யாரிடமும் போய் உங்க வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டையே கொடுத்தேன். "கூட்டி வைம்மா, அது போதும்" என்றுதான் சொன்னேன்.

வேன் பொகவந்தலாவைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறியது. எல்லோர் கையிலும் ஹோட்டல் கொடுத்த தண்ணீர்ப் போத்தல். வெளியில் எதையும் குடிக்க வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று காலையிலேயே ஆங்கிலத்தில் அறிவித்திருந்தார்கள். அறிவிக்கும்போது நானும் அங்கேதான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சியின் முதல் நாள் திரையில் காட்டிய படம் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மாணவர்களின் பின்னணி என்று தலைப்பு. கீழே கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். கொழுந்து பறிக்கும்போது யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பின்னால் நின்று கத்தும்போது சிரிப்பு வராது. வேனில் ஒருவர் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்து எவ்வளவு அமைதி என்றார். நான் பாதையைப் பார்த்தேன்.

அம்மா அன்று வேலைக்குப் பேர் போடவில்லை. கூலி போனால் போகட்டும் என்று வீட்டில் நின்றிருக்கிறாள். நாங்கள் படியேறி வரும்போது இஸ்தோப்பில் வெள்ளை பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரிசையாக இருந்தன. கோயில் கமிட்டியில் கேட்டு எடுத்தவை. பின்பக்கம் கோயிலின் பெயர் சிவப்பில் எழுதியிருந்தது. பஸாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அன்ஸார் நானாவிடம் கண்ணாடிக் கோப்பைகள் இரவல் வாங்கியிருந்தாள். ஸ்டிக்கர் கிழிக்காமல் பாவித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம் போல, ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் தங்க நிறத் துண்டு ஒட்டியபடியே இருந்தது. சுவருக்கு மஞ்சள் அடித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். மணம் போகவில்லை. உள்ளே தரையில் டைல்ஸ். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் தம்பி, பெட்டி உடைந்து மிஞ்சிய டைல்ஸ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக லொறியில் போட்டு அனுப்பியது. பாதித் தரை காப்பி நிறம், மீதித் தரையில் நீலப்பூ. அதற்கு மேல் நடக்கும்போது அம்மா இன்னும் காலை மெதுவாகத்தான் வைப்பாள். ஷோகேஸின் நடுவில் பட்டமளிப்பு உடுப்பில் நான். படத்துக்கு மாலை எதுவும் போட்டுவிடாதே என்று ஏற்கனவே சொல்லி வைத்திருந்தேன். செத்தவர்களுக்குப் போடுவது போல இருக்கும் என்று சண்டை பிடித்திருந்தேன்.

"வாங்க, வாங்க சார். வாங்க மெடம். உக்காருங்க" என்றாள் அம்மா. தீபாவளிக்கு எடுத்த சேலை. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், நுனியில். மற்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனைத் தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கி, எதையும் எடுக்காமல் பைக்குள் போட்டார். பொருளியல்காரர் டைல்ஸைப் பார்த்தார், ஷோகேஸைப் பார்த்தார், மஞ்சள் சுவரைப் பார்த்தார். ஏமாற்றத்தை மறைக்க முயன்ற ஒரு மரியாதை அவர் முகத்தில் இருந்தது. கல்யாண வீட்டில் பிரியாணி இல்லை என்று தெரிந்தவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். சிவகௌரி மெடத்தின் காதில் ஏதோ சொன்னார்.

மெடம் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "ஒண்டும் நினைக்காதேயும் வினோதா. அம்மா நல்லா ஆயத்தப்படுத்தியிருக்கிறா. ஆனா இது கொஞ்சம் வசதியான வீடு மாதிரியெல்லோ கிடக்கு. சாதாரணமா இருக்கிற லயத்து வீடு ஒண்டு பாக்கேலாதோ? அவை அதைப் பாக்கத்தானே வந்தவை."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் லயத்தில் மெதுவாகச் சொல்வது என்று ஒன்று இல்லை. ஒரு காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் நூறு வயசு என்பார்கள். அம்மா அப்போது குசினிக்குள் கோப்பைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"எங்க வீட்டுக்கு வாங்க சார்" என்று பக்கத்து இஸ்தோப்பிலிருந்து குரல் வந்தது. ராசம்மா அத்தை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். வாய்க்கு மட்டும் ஓய்வு இல்லை. "எங்க வீட்டுல ஒழுகுது. வந்து பாருங்க."

என் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. கதிரையில் இருந்த இரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள்.

ராசம்மா அத்தை வீட்டுக்கு நான் வாரத்துக்கு இரண்டு தரமாவது போய்க்கொண்டிருந்தவள். எனக்கு அங்கே எது எங்கே இருக்கும் என்று தெரியும். அன்று லைட் நிறுத்தியிருந்தாள். டிவி இருந்த இடத்தில் ஒரு பாய் சாத்தியிருந்தது. மூலையில் நின்ற ஃபிரிட்ஜுக்கு மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி, அதற்கு மேல் ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பை வைத்திருந்தாள். அந்தக் குப்பி லாம்பை எங்கிருந்து தேடி எடுத்தாளோ. பின்சுவரில் மழை இறங்கிய கறுப்புக் கோடு இருந்தது, அது மட்டும் உண்மை. கூரையும் உண்மைதான், ஒழுகும். விரிவுரையாளர்களின் போன்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. பொருளியல்காரர் முதல் தடவையாக ஒரு பலகையில் நன்றாக, முழுதாக உட்கார்ந்தார்.

பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எங்கம்மா படிக்கிறது" என்றாள் ராசம்மா அத்தை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வசதி இருந்தாத்தானே."

அவள் மகள் நிஷாந்தி நோர்வூட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித டீச்சர். நானும் அவளும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ராசம்மா அத்தை என்னை நேராகப் பார்த்தாள். சொல்லு, சொல்லிப் பாரு என்பது போல. அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி ஓடத் தொடங்கியது. சேலையின் ஓரம் நடுங்கியது. அத்தை நகர்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, மழை பெய்தால் ராத்திரி முழுக்கச் சட்டி வைப்பதைச் சொன்னாள்.

நான் மொழிபெயர்த்தேன். வசதி இல்லாததால் பிள்ளைகள் படிக்கவில்லை என்று நல்ல ஆங்கிலத்தில், ஒரு சொல் குறையாமல். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சிவகௌரி மெடம் கண்ணைத் துடைத்தார். கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரம் இல்லை. அடுத்த கேள்வி வந்துவிட்டது.

வெளியே வரும்போது வாசலில் அம்மா நின்றாள். கையில் தட்டு. தட்டில் முதல் ஆறு கோப்பை. மற்றவை உள்ளே மேசையில். தோட்டத்தில் எங்களுக்குக் கொடுப்பது தூள் கழிவு. அதை அவள் பாவிக்கவில்லை. பெக்டரியில் வேலை செய்யும் யாரிடமோ சொல்லி நல்ல தேயிலை எடுத்திருந்தாள். பால் ஊற்றிய நிறம் வெளியிலேயே தெரிந்தது.

"லேட் ஆகுது, பகல் சாப்பாடு ஹோட்டலில்" என்று ஆங்கிலத்தில் யாரோ சொன்னார்கள். ஒருவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்து, வேண்டாம் என்று தலையாட்டினார். இன்னொருவர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். சிவகௌரி மெடம், "நாங்கள் இப்பத்தான் குடிச்சனாங்கள் அம்மா, குறை நினைக்காதேங்கோ" என்றார். ராசம்மா அத்தையை நடுவில் நிறுத்திக் கூட்டாகப் படம் எடுத்தார்கள். பிறகு படியிறங்கினார்கள். சப்பாத்துகள் வழுக்கும் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"யேன்டி வினோதா, என்னைக்கு கூரைக்கு தகரம் வரும்?" என்றாள் ராசம்மா அத்தை.

"இவங்க தகரம் குடுக்குறவங்க இல்ல அத்தை. படிப்பிக்கிறவங்க."

"போன தடவ வந்தவங்களும் எழுதிக்கிட்டுதான் போனாங்க. மேல் லயத்துக்கு தகரம் வந்துச்சா இல்லையா?" கூரையைக் காட்டினாள். "சும்மாவா பொய் சொன்னேன்? எம் புள்ளய படிக்கலன்னு எவளாவது ஆசப்பட்டு சொல்லுவாளா?" பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "நீ டைல்ஸ காட்டுன. நான் ஓட்டைய காட்டுனேன். யாரு வீட்டுல உக்காந்தாங்க?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். மேசையில் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ஆடை படிந்திருந்தது. சீனி தனியாக, சின்னக் கரண்டியோடு, மூடி வைத்திருந்தாள்.

கீழே பாதையில் வேன் ஹோர்ன் அடித்தது.

"கூப்புடுறாங்க புள்ள. போ" என்றாள் அம்மா. "பேசணும்னு சொன்னீல்ல. போய் பேசு."

என்ன பேசுவது என்று காலையில் குறித்து வைத்திருந்தேன். மாணவரின் பின்னணியை அறிவது கற்பித்தலை எப்படி மேம்படுத்துகிறது. நல்ல ஆங்கிலம். அதை வாசித்தால் போதும், சேர்ட்டிபிக்கட் வரும். சேர்ட்டிபிக்கட் வந்தால் அடுத்த மாதம் அந்த இடத்தில் பேனா நிற்காது. இதையெல்லாம் நான் மிகத் தெளிவாக யோசித்தேன். யோசித்துக்கொண்டே இஸ்தோப்பில், கோயில் பெயர் எழுதிய ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். நுனியில் இல்லை. முதுகு சாய்ந்து.

"ஒண்ணு தா" என்றேன்.

"ஆறிப் போச்சுடி. சூடு பண்ணித் தர்றேன்."

"அப்படியே தா."

கோப்பையை வாங்கி ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி போடலியே."

"பரவாயில்ல."

அந்தச் சொல்லைக் கேட்டு அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் எழும்பிப் போய்ச் சீனியை எடுத்து வந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். போன் மடியில் அதிர்ந்தது. சிவகௌரி மெடம். நிற்கும்வரை விட்டுவைத்தேன். கோப்பையின் அடியிலிருந்த தங்கத் துண்டு விரலில் பட்டது. கிழிந்துவிடாமல் கையை மாற்றிப் பிடித்தேன். ஹோர்ன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. கீழே தேயிலைக்கு மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது. வேனின் மஞ்சள் விளக்குகள் அதற்குள் விட்டு விட்டு எரிந்தன.

அம்மா இன்னொரு கோப்பையைக் கொண்டுவந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். தரவில்லை. தீபாவளிச் சேலையைச் சுருக்கம் விழாமல் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்துக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்து, ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள்.