இல்மாரிக்குத் தெரியாத கோல்

இல்மாரி வொல்லேவை ராஹே ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. இரும்பாலையில் கிரேன் ஓட்டியவரின் மகன். மீசை முளைக்கும் முன்பே எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான அஹ்திக்கு ஆட வந்துவிட்டான். நடுவில் இரண்டு குளிர்காலம் அமெரிக்காவுக்குப் போய், பெரிய அணியின் வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு, முன்பற்கள் குறைந்து திரும்பி வந்தான். அதன் பிறகு வேறெங்கும் போகவில்லை. முன்வரிசையில் இடது பக்கம் அவன், நடுவில் நான். என் பெயர் நீலோ. ஒன்பது ஆண்டுகள் ஒரே வரிசையில் ஆடினோம். நான் தலையைத் தூக்காமலே பக் என்கிற ரப்பர் வட்டைத் தள்ளுவேன். அது போய்ச் சேருமிடத்தில் அவன் மட்டை இருக்கும்.

கோல் போடுவதில் அவனைவிடக் கெட்டிக்காரர்கள் எங்கள் அணியிலேயே இருந்தார்கள். களத்தின் மூலைக்குள் பாய்ந்து, மேலே இரண்டு பேர் வந்து மோதினாலும் பக்கை விடாமல் வெளியே கொண்டுவருவதுதான் அவன் வேலை. “எனக்குச் சம்பளமே அடி வாங்கறதுக்குத்தான்டா” என்று சிரிப்பான். வாய் ஓயாது. எதிரணிக் கோல்கீப்பரிடம் சறுக்கிக்கொண்டே போய், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பான். உடை மாற்றும் அறையில் ஒருவனுடைய காலணிக்குள் மீன் தலை கிடந்தால் அது யார் கைவரிசை என்று கேட்கவே வேண்டாம்.

அந்த வசந்தத்தில், அணியின் வரலாற்றிலேயே முதல்முறையாக, நாங்கள் இறுதித் தொடரின் கடைசி ஆட்டம்வரை வந்தோம். ஆட்டம் எங்கள் ஊரில். மூன்று பகுதிகளில் இரண்டாவது முடியப்போகும் நேரத்தில் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக இருந்தோம். இல்மாரி வழக்கம்போல் மூலைக்குள் பாய்ந்தான். பின்னாலேயே எதிரணித் தடுப்பாட்டக்காரன் வந்து மோதினான். முறையான மோதல்தான், நடுவர்கூட விசில் ஊதவில்லை. ஆனால் இல்மாரியின் தலை கண்ணாடித் தடுப்பில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தான்.

“என்னடா, சரியா இருக்கியா?”

“எங்க அத்தை இதைவிட நல்லா இடிப்பா.”

இடைவேளையில் அணி மருத்துவர் மாரித் அவனிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். சரியாகச் சொன்னான். அந்தக் காலத்தில் அதுவே போதுமான சோதனை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது நான் பக்கை மூலைக்குத் தள்ளினேன். இல்மாரி அதை எடுத்துக்கொண்டு வலையின் முன்னால் வந்தான். கோல்கீப்பர் முன்கூட்டியே படுத்துவிட்டார். வேறு நாளாயிருந்தால் இல்மாரி உடனே அடித்திருப்பான், பக் கோல்கீப்பரின் காலில் பட்டுப் போயிருக்கும். அன்று காத்திருந்தான். அவ்வளவு பேர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில், தனியாக நிற்பவனைப்போல நிதானமாக நின்று, பக்கை அவர் தோளுக்கு மேலே தூக்கிப் போட்டான். கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். அந்தக் கோலில்தான் கோப்பை எங்களுக்கு வந்தது.

சவுனா என்ற நீராவிக் குளியல் அறையில் கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது, உள்ளே பீர். இல்மாரி வந்து மேல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்னடா நீலோ, அதுக்குள்ள சவுனாவுக்கு வந்துட்ட? கோச் பாத்தா தோலை உரிச்சிடுவாரு.”

“கோச்சே பீர்லதான் குளிச்சிட்டிருக்காரு.”

“விளையாடாதடா. இன்னும் ஒரு பகுதி இருக்குல்ல? ரெண்டுக்கு ரெண்டுதானே?”

எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். யாரோ அடுப்புக் கல்லில் தண்ணீரை வீசினார்கள். இல்மாரியும் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரிக்கும் சிரிப்பு. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் காதருகே குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டான்:

“அந்தக் கப் யாரோடது?”

 அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். துண்டோடு நின்ற அவனிடம் மாரித் இந்த முறை வேறு கேள்வி கேட்டார், ஆட்டம் என்ன ஆயிற்று என்று. அவனுக்குத் தெரியவில்லை. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வெற்றியைக் கொண்டாட ஊரே சதுக்கத்தில் கூடியிருந்தபோது, நாங்கள் அவனை ஊலு நகர ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் காயம் ஒன்றும் இல்லை. ஓய்வெடுத்தால் போதும் என்றார்கள். சில நாளில் எல்லாம் திரும்பியது, அந்தக் கடைசிப் பகுதியைத் தவிர. அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய கோலை ஊரே பார்த்திருந்தது, போட்டவன் மட்டும் பார்க்கவில்லை.

கடையில், பெட்ரோல் பங்கில், தேவாலய வாசலில், எங்கே போனாலும் அவனை நிறுத்தி அதையேதான் கேட்டார்கள். என்ன செய்வான்? வீடியோ கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்தான். “அவர் படுத்தாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு” என்று கையை ஆட்டிச் சொல்வான். உண்மை தெரிந்தவர்கள் அவன் மனைவி ஹெல்மி, மாரித், நான், அவ்வளவுதான். நேரம் போனால் அதுவும் திரும்பிவிடும் என்று நம்பினோம். அணி நிர்வாகம் அவனுக்குப் புதிய ஒப்பந்தம் தயார் செய்தது. கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய வாரம் ஹெல்மி எனக்குப் போன் செய்தாள். 

“நீலோ, நீ உடனே கிளம்பு. இல்மாரி எங்க பழைய வீட்ல இருக்கானாம். காரு அவன்கிட்ட, நான் எப்படிப் போறது?”

“பழைய வீட்லயா? அங்க எதுக்குப் போனான்?”

“பள்ளியிலேர்ந்து பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்னு போனான்...”

அந்த வீட்டை அவர்கள் விற்று ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. வாங்கியவர் ஹில்க்கா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ். நான் போனபோது வாசலிலேயே நின்றார்.

“உள்ள வந்து ஷூவைக் கழட்டினாருப்பா. பிரிட்ஜைத் திறந்து பால் எடுத்துக் குடிச்சாரு. கப் ஜெயிச்சவரு நம்ம வீட்டுக்கு வந்திருக்காரேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். காப்பி போட்டேன், பன் வெச்சேன். என் பேரனுக்குச் சட்டையில கையெழுத்துகூடப் போட்டாரு. அப்புறம், ‘ஹெல்மி எங்க, இன்னும் தூங்கறாளா?’ன்னு என்னைக் கேட்டாரு.” அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்பத்தான் ஹெல்மிக்குப் போன் பண்ணினேன்.”

இல்மாரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சன்னல் திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். முகம் மாறியது. பன்னைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். அப்படி ஒரு முகத்தை, அடிபட்டு ரத்தம் ஒழுக வரும்போதுகூட, அவனிடம் நான் பார்த்ததில்லை.

அவன் காரை அங்கேயே விட்டுவிட்டு, அவனை என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

“பாப்பா எங்க?”

“பள்ளியிலதான் இருக்கா. ஹெல்மி பேசிட்டா. போய்க் கூட்டிக்கலாம்.”

“அவளையும் வெச்சுக்கிட்டு இப்படி ஓட்டியிருந்தேன்னா?”

 மாரித்திடம் நாளைக்கே நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். சொல்லவும் செய்தான். மாரித் என்ன சொன்னார் என்று என்னிடம் மூச்சுவிடவில்லை.

கையெழுத்து நாளன்று கூடத்தில் பத்திரிகைக்காரர்கள், இரும்பாலை ஆட்கள், சின்னப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். மேஜையில் புதுச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஹக்கோலா பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிருபர் பெண், “அந்தக் கோலை இன்னொரு தடவை சொல்லுங்களேன், எங்களுக்கு அலுக்கவே மாட்டேங்குது” என்றாள்.

“நீலோ பக்கைத் தள்ளினான்,” என்று ஆரம்பித்தான். “நான் எடுத்துக்கிட்டு முன்னால வந்தேன். அவர் படுத்தாரு...” கை அந்தரத்தில் நின்றது. “இது நான் கேசட்ல பாத்தது. அந்தக் கோல் எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு நொடிகூட இல்ல. போன வாரம் என் சொந்த வீடு எதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. நான் இனிமே ஆடல.”

 ஹக்கோலாவின் கையில் பேனா அப்படியே நின்றது.

“என்னப்பா இல்மாரி, இதுவும் உன் விளையாட்டா?”

“உங்ககிட்ட நிறைய விளையாடியிருக்கேன் கோச். இது அதில்ல.”

முன்வரிசையில் இருந்த ஹெல்மி எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வதென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் இன்னும் இரண்டொரு முறை அவனுக்கு அப்படி வந்தது. பிறகு குறைந்து, நின்றுபோனது. இப்போது துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் படகில் வேலை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோல் திரும்பவே இல்லை. அவன் கேசட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

கையெழுத்துப் போடாத அந்த நாளின் மாலையில் நான் வீட்டுக்குப் போனேன். என் மனைவி தூலியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிமுடித்துவிட்டு, சும்மா, மனசு லேசாகட்டும் என்று கேட்டேன்:

“நான் எதையாவது அப்படி மறந்திருக்கேனா?”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

“ஜூன்ல படகுல போனோமே,” என்றாள், என்னைப் பார்க்காமல். “நடுக்கடல்ல எஞ்சினை நிறுத்திட்டு, ‘நாம எங்க போறோம்?’னு கேட்ட. நான் தீவுன்னு சொன்னேன். திரும்பவும் கேட்ட. நீ என்னைச் சீண்டறேன்னு நினைச்சேன் நீலோ. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.”

படகு ஞாபகம் இருந்தது. தீவில் மீன் சுட்டது ஞாபகம் இருந்தது. நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தியது இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தூலியா ஈரக் கையோடு போனை எடுத்து, மாரித்தின் எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினாள்.